வால்வுத் தொழிற்சாலையில் பயறு ஆண்டு

டெல்லியில் யாருக்காவது ஒரு நல்ல யோசனை தோன்றினால் அதற்கு அம்பத்தூரில் ஒருவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது நம் நிர்வாகத்தின் நெடுநாள் ஏற்பாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் அந்த முறை சகாயமேரிக்கு வந்தது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி நீளமாக மதில் கட்டிக்கொண்டு ஒரு வால்வுத் தொழிற்சாலை இருந்தது. அதன் மெயின் கேட்டுக்கு இடப்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஒரு கோணியை விரித்து, சாயங்காலச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் சகாயமேரி வந்து உட்காருவாள். அலுமினியக் குண்டானில் சுடச்சுடச் சுண்டல் இருக்கும். ஒருநாள் காராமணி, ஒருநாள் பச்சைப்பயறு, சம்பளத்துக்கு மறுநாள் கொண்டைக்கடலை. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மாங்காய் கிடைத்தால் மாங்காயும் நறுக்கிப் போட்டிருப்பாள். ஷிப்டு முடிந்து வருகிறவன் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடுவான். சங்கு ஊதி முடிந்த சற்று நேரத்துக்குள் குண்டான் காலியாகிவிடும்.

அந்த இடம் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. புருஷன் பால்ராஜ் அதே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆளாக லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒருநாள் பெட்டி ஒன்று சரிந்து இடுப்பில் விழுந்தது. நஷ்ட ஈடு கேட்டால், கம்பெனியைப் போய்ப் பார் என்றான் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டரைப் போய்ப் பார் என்றது கம்பெனி. இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து அவளுக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், ஓய்வுபெறப்போகிற அதிகாரி ஒருவர், "கேட்டுப் பக்கத்துல எதையாவது வித்துப் பொழைச்சுக்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். ஒரு மனிதனின் இடுப்புக்கு அந்தக் கம்பெனி கொடுத்த விலை ஒரு மரத்தின் அரை நிழல். அதில்தான் திருநின்றவூரில் வீட்டு வாடகையும், பால்ராஜுக்கு மருந்தும், மகள் ஞானகுமாரிக்குப் பள்ளிக்கூடமும் நடந்தன.

அந்த வருஷம் கம்பெனியின் டெல்லித் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உழைக்கும் மக்களின் உணவில் பயறு போதவில்லை, ஆகவே இது பயறு ஆண்டு, முன்னேற்றத்தை மாதந்தோறும் தெரிவிக்கவும் என்று. பயறு நல்லதுதான். அதில் யாருக்கும் சண்டையில்லை. கறி வாங்க வக்கில்லாதவன் உடம்பில் நாலு எலும்பு ஒட்டிக்கொண்டிருப்பதே அதனால்தான். சண்டையெல்லாம் நல்ல விஷயம் கமிட்டியின் கையில் கிடைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

பயறுக்கென்று தொழிற்சாலையில் போட்ட கமிட்டிக்குச் செயலாளர் நலத்துறை அதிகாரி ஆதிகேசவலு. நல்ல மனிதர், யாரையும் வாடா போடா என்று பேசாதவர். அவரே நேரில் கணக்கெடுப்புக்கு வந்தார். கேட்டில் நின்று, வெளியே வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். வெல்டர் ஜேசுராஜ் அப்போது சகாயமேரியின் எதிரில் நின்று காராமணியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் திருநின்றவூர்க்காரன், அவள் வீட்டுக்கு அடுத்த தெரு.

"வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் பயறு சாப்பிடுகிறீர்கள்?"

"ஊட்ல இன்னாத்துக்கு சார்? ஊட்ல இல்ல."

"கேண்டீனில்?"

"கேண்டீன்ல போட்டாதான சார் துன்றதுக்கு."

"அப்படியானால் பயறு சாப்பிடுவதில்லை" என்று ஆதிகேசவலு எழுதிக்கொண்டார்.

"இப்ப துன்னுகினு கீறேனே சார், இது இன்னாவாம்?"

ஆதிகேசவலு பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். பயறுதான். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "தம்பி, இதில் வீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கேண்டீனுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ரோட்டுக்குக் கட்டம் இல்லையே" என்றார்.

இப்படியாக, தினமும் கேட்டில் நின்று பயறு தின்ற அத்தனை பேரும் பயறே அறியாதவர்கள் என்று டெல்லிக்குத் தகவல் போனது. டெல்லி பதறிவிட்டது. பணம் வந்தது, பந்தல் வந்தது, கேட்டில் ஒரு வளைவு வந்தது. 'பயறு உண்போம், பலம் பெறுவோம்' என்று அதில் எழுதியிருந்தார்கள். வளைவின் ஒரு காலைச் சகாயமேரி கோணி விரிக்கும் இடத்தில்தான் நட்டார்கள். அவள் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

தொடக்க விழாவில் ஆதிகேசவலு பேசியது ஒலிபெருக்கி வழியாக வெளியேயும் கேட்டது. "தோழர்களே, பயறு ஏழைகளின் மாமிசம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்ததும் என் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் மாமிசத்துக்காக நீங்கள் எவ்வளவு ஏங்கியிருப்பீர்கள். இனி அந்த ஏக்கம் வேண்டாம். பயறை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாமிசத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." சொன்ன சொல் தவறாத மனிதர். அன்று மத்தியானம் அதிகாரிகள் விடுதியிலிருந்து கோழி பிரியாணி வாசனை தண்டவாளத்தைத் தாண்டி வீசியது.

கேண்டீனில் என்ன நடந்தது என்பதை ஜேசுராஜ்தான் ரயிலில் வரும்போது சகாயமேரிக்குச் சொன்னான். முதல் நாள் சமையல்காரர் வீட்டில் செய்கிற மாதிரியே ஸ்டோரில் காராமணி வாங்கி முந்தின ராத்திரியே ஊறப்போட்டிருக்கிறார். காலையில் தணிக்கைக்காரர்கள் வந்து அண்டாவைத் தூக்கி எடை போட்டார்கள். ஸ்டோர் கொடுத்தது பத்து கிலோ. அண்டாவில் இருந்தது இருபது கிலோ.

"மீதி பத்து கிலோ எந்த ஊர்லேர்ந்து திருடிகினு வந்தேன்னு கேக்கறாங்கக்கா."

"ஊறினா கனம் ஏறாதா? இத்த யாரும் சொல்லலியா?"

"சமையக்காரரு சொன்னாரு. ஊறினா ஏறும்ன்றதுக்கு எந்த ரூல்ல எடம் கீதுன்னு கேட்டாங்க. அவரு இன்னா பண்ணுவாரு? சஸ்பெண்டு."

அன்றிலிருந்து கேண்டீனில் ஊறப்போடுவது தடைசெய்யப்பட்டது. ஸ்டோர் திறப்பது காலை எட்டரைக்கு. அன்றன்றைக்கு வாங்கிய பயறை அன்றன்றைக்கே வேகவைத்துத் தீர்த்தாக வேண்டும். ஊறாத காராமணி மத்தியானம் தட்டில் விழும்போது கணீரென்று சத்தம் கேட்கும். முதல் வாரத்திலேயே ஜேசுராஜுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போனது. அவனைப் போல இன்னும் சிலருக்கும் போகவே, கமிட்டி கூடி ஆராய்ந்து, தொழிலாளர்களுக்குப் பல்லில் வலுவில்லை என்று கண்டுபிடித்தது. பல் மருத்துவ முகாம் நடந்தது. ஆடுகிற பல்லை எல்லாம் பிடுங்கி அனுப்பினார்கள். பல் போனவர்களுக்கும் மறுநாள் அதே காராமணிதான்.

பிறகு டோக்கன் வந்தது. சுண்டல் தட்டை வாங்கி டோக்கனில் ஓட்டை போட்டுக்கொள்ளாதவனுக்குக் கேட்டைத் திறக்கக்கூடாது. எல்லாரும் ஒழுங்காகத் தட்டை வாங்கினார்கள், ஒழுங்காக ஓட்டை போட்டுக்கொண்டார்கள், ஒழுங்காக மெஷின் ஷாப்புக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஐப்பசி மழை பெய்ததும் அங்கே காராமணி முளைத்துச் சுவரில் கொடி ஏறியது. கேண்டீனில் வெந்த பயறு முளைவிட்டதைப் பார்த்து வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். கமிட்டி அதைத் தோட்டத் திட்டம் என்று டெல்லிக்குத் தெரிவித்துப் பாராட்டும் வாங்கிக்கொண்டது.

இதையெல்லாம் கேட்டுச் சகாயமேரி ரயிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். வினை தன் பக்கம் திரும்பும் என்று அவள் நினைக்கவில்லை.

ஒருநாள் சங்கு ஊதுவதற்கு முன்பே ஆதிகேசவலு தனியாக வந்து அவள் எதிரில் நின்றார். கூட வாட்ச்மேன் ராமனும் வந்திருந்தான்.

"ஒரு பொட்டலம் கொடும்மா" என்றார்.

அதிகாரி கேட்கிறாரே என்று அவள் இரண்டு பொட்டல அளவுக்கு அள்ளிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"பிரமாதம். எப்படி இவ்வளவு மெத்தென்று இருக்கிறது?"

"ராவே ஊறப்போட்ருவேன் சார்."

"அதுதான் எங்களால் முடியாதே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். "இங்கே பாரும்மா, நான் மனசு கஷ்டப்பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் கேண்டீனில் பயறு சாப்பிடுவதில்லை. ஏன் என்று ஆராய்ந்தோம். கேட்டில் நொறுக்குத்தீனி கிடைப்பதால் பசியை அடக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீ இங்கே இருக்கிறவரை இவர்களைப் பயறு சாப்பிட வைக்க முடியாது."

சகாயமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. குண்டானைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். "சார், இதுவும் பயறுதான சார்?"

"பொருள் பயறுதான். ஆனால் வகை நொறுக்குத்தீனி. கமிட்டி முடிவு செய்துவிட்டது" என்றவர், பொட்டலத்தின் அடியில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார். "நாளையிலிருந்து வராதே அம்மா. தொழிலாளர்கள் ஆரோக்கியத்துக்காகத்தான்."

"எங்கூட்டுக்காரருக்கு இடுப்பு போனதுக்குத்தான் சார் இந்த எடமே குடுத்தாங்க."

"யார் கொடுத்தது? எங்கே இருக்கிறது அந்த உத்தரவு?"

வாயால் கொடுத்த இடத்துக்கு உத்தரவு எங்கே இருக்கும்? தினமும் ஒரு பொட்டலம் சும்மா வாங்கித் தின்ற ராமன் தலையைக் குனிந்துகொண்டு, "போயிடுக்கா, நானு இன்னா பண்றது, எனக்கும் புள்ளகுட்டி கீது" என்றான். அவனே கோணியை மடித்துக் கையில் கொடுத்தான். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு வரத்தின் ருசியும் நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் அம்பத்தூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்தாள், ரயில்வே போலீஸ் விரட்டியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள், ஏற்கெனவே அங்கே கடை போட்டிருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் அரை நிழல்தான். வியாபாரத்துக்கு என்று மொத்தமாகக் கடனில் வாங்கி வைத்திருந்த மூட்டைப் பயறு வீட்டு மூலையில் அப்படியே கிடந்தது. அரிசி தீர்ந்தது. அரிசிக்கடைக்காரர் இனிக் கடன் இல்லை என்றார். ஆகவே காலையில் காராமணிக் கஞ்சி, மத்தியானம் காராமணிச் சுண்டல், ராத்திரி மறுபடியும் கஞ்சி. பால்ராஜுக்கு வயிறு உப்பிக்கொண்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஞானகுமாரி தட்டைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சகாயமேரி அவளை அடித்துவிட்டு, அப்புறம் தானும் உட்கார்ந்து அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் பயறு இயக்கம் மதிலைத் தாண்டியது. தொழிற்சாலை சுற்றுவட்டாரத்தையும் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று டெல்லி சொல்லிவிட்டது. திருநின்றவூரில் சகாயமேரியின் தெருவையும் தத்தெடுத்தார்கள். கணக்கெடுக்க வந்த பெண், "உங்க வீட்ல வாரத்துக்கு எத்தனை நாள் பயறு சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"எத்தினி நாளா? தெனிக்கும் மூணு வேளையும் அதாம்மா."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "சோறு?"

"சோறு ஏது?"

பத்து நாளில் ஜீப் வந்தது. அவ்வளவு பெரிய வட்டாரத்தில் பயறையே மூன்று வேளையும் உண்ணும் ஒரே குடும்பம் இதுதானாம். முன்மாதிரிக் குடும்பம் என்று ஆண்டு விழாவில் பரிசு, டெல்லியிலிருந்து வருகிற பெரிய அதிகாரி கையால்.

"நான் போமாட்டேன்" என்றாள் சகாயமேரி.

பால்ராஜ் படுத்தபடியே சொன்னார்: "போ மேரி. மேடையில ஏத்தறாங்க இல்ல? பெரிய ஆளு முன்னாடி நேரா கேட்டுடு. அந்த எடத்தைத் திருப்பிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை. அவரு சரின்னா இவனுங்க இன்னா பேசுவானுங்க?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. பக்கத்து வீட்டில் ஒரு நல்ல புடவையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரயிலில் வரும்போது வழியெல்லாம் அந்த வார்த்தைகளையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேடையில் டெல்லி அதிகாரி சிரித்த முகமாக இருந்தார். வயதானவர், பார்வைக்கு நல்லவராகத்தான் தெரிந்தார். அவர் இந்தியில் ஏதோ கேட்டார். ஆதிகேசவலு மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "இந்த நல்ல பழக்கம் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஐயா கேட்கிறார்."

சகாயமேரி மைக்குக்காகக் கையை நீட்டினாள். மைக் வரவில்லை. சரி என்று டெல்லிக்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"கேட்டாண்ட குந்தி சுண்டல் வித்துகினு இருந்தேன் சார். இவங்க கமிட்டி என்னைக் கெளப்பி உட்ருச்சு. வேற எங்கியும் விக்க முடியல. அரிசி வாங்கக் காசு இல்ல. அதான் விக்காத பயற மூணு வேளையும் துன்னுகினு கீறோம். அந்த எடத்தைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா போதும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

ஆதிகேசவலு சற்று யோசித்தார். டெல்லிக்காரரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கும் தெரியட்டும் என்று மைக்கில் தமிழிலும் சொன்னார்: "இந்த அம்மாவின் வீட்டில் இன்று மூன்று வேளையும் பயறு என்றால், அதற்கு முழுக்க முழுக்க நம் கமிட்டிதான் காரணம் என்கிறார்."

அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. டெல்லிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார். அவர் எழுந்ததால் மேடை முழுக்க எழுந்தது. மேடை எழுந்ததால் பந்தல் முழுக்கத் தட்டியது. நாட்டிலுள்ள நம் எல்லாத் தொழிற்சாலைகளிலும் இப்படி ஒரு கமிட்டி வேண்டும் என்று அவர் அங்கேயே அறிவித்தார். சகாயமேரி, "எடம் சார், அந்த எடம்" என்று இரண்டு முறை சொன்னாள். கைதட்டலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. தொழிற்சாலை முத்திரை குத்திய ஒரு துணிப்பை நிறையக் காராமணியை அவள் கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார்கள்.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். ராமன் குறுக்கே வந்து நின்றான்.

"பையில இன்னாக்கா?"

"பார்த்துகினுதான இருந்த? காராமணி. பரிசு."

"கம்பெனி முத்திரை கீதே. கம்பெனிப் பொருளு வெளிய போகணும்னா கேட் பாஸ் ஓணும்க்கா."

"அத்த யாரு குடுப்பாங்க?"

"ஆதிகேசவலு சாருதான். அவரு டெல்லிக்காரரைப் பிளேன் ஏத்திவுட மீனம்பாக்கம் பூட்டாரு. வர்ற வரைக்கும் இப்டி குந்து."

வாட்ச்மேன் அறை ஓரத்தில், கேட்டுக்கு உள்பக்கம், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. கூட்டம் திமுதிமுவென்று வந்தது. குந்தியிருந்தவளைப் பார்த்ததும் ஜேசுராஜ்தான் முதலில் நின்றான்.

"அக்கா, வந்துட்டியா? ஒரு பொட்டலம் குடுக்கா."

"பச்சையா கீதுப்பா. வேகவைக்கல."

அவன் அவசரத்தில் அதைக் காதில் வாங்காமலே பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். பல் போன பக்கத்தை ஒதுக்கி இந்தப் பக்கமாக நிதானமாக மென்றான். பிறகு, "கேண்டீன்ல போட்றதுக்கு இது தேவலக்கா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் கை வைத்தான், அவனுக்கு அடுத்தவனும் வைத்தான். எத்தனையோ நாளாக அவள் சுண்டலுக்கு ஏங்கிப்போயிருந்தவர்கள். பிரியத்தில்தான் அள்ளினார்கள், அவளுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "எப்பக்கா மறுபடி வருவே?" என்று கேட்டுக்கொண்டே ஆளுக்கொரு பிடி அள்ளி, மென்றபடி ரயிலுக்கு ஓடினார்கள். கூட்டம் கரைந்தபோது பை அவள் மடியில் தொளதொளவென்று கிடந்தது.

ராமன் வந்து பையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லியே. அப்ப பாஸ் ஓணாம்க்கா. நீ போலாம்" என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

அவள் எழுந்து நாலடி நடந்தாள்.

"அக்கா, பையில முத்திரை கீது. அத்த மட்டும் வச்சுட்டுப் போ."